சாவி வாங்கியாச்சு, இனி வீட்டுக்குக் களை வரணும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் திரைச்சீலை தைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே புதுத் தாமான், அதாவது புது வீடமைப்புப் பகுதி, எழும்பினால் அளவு எடுக்கக் கூப்பிடுவார்கள். எல்லாம் ஒரே அச்சு: இருபதடி அகலம், வெள்ளைச் சுவர், வெள்ளை டைல்ஸ், பேசினால் எதிரொலிக்கிற ஹால். ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அது பேங்குக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். "அக்கா, ஆசைப்பட்டு வாங்கின வீடு, மனசு ஒட்டவே மாட்டேங்குது" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டும். ஆனால் ஒரே வாரத்தில் கடையைக் காலி செய்து வீட்டை நிரப்பினால் ஒட்டாது.

பால் காய்ச்சும் முன்பே செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஒரு ஐம்பது காசு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி வந்தால் அடியில் சிமெண்டு பிடிக்கவில்லை. கூரைக் கசிவு, சுவர் விரிசல் எல்லாவற்றையும் படம் எடுத்து எழுத்தில் கொடுங்கள். சாவி கையில் வந்ததிலிருந்து 24 மாதம் வரை வீடு கட்டிய நிறுவனம்தான் அந்தக் குறைகளைச் சரிசெய்து தரவேண்டும். கசிகிற சுவரில் எவ்வளவு அழகான படம் மாட்டினாலும் வீணே.

குடிவந்ததும் படுக்கையறைக்கும் வாசல் பக்க ஹாலுக்கும் மட்டும் திரை போட்டுக்கொள்ளுங்கள். மற்றதற்கு ஒரு மாதம் பொறுங்கள். வெயில் எந்த நேரம் எங்கே விழுகிறது, மாலை மழை எந்த ஜன்னல் வழியே அடிக்கிறது, பிள்ளைகள் தானாக எந்த மூலையில் போய் உட்காருகிறார்கள் என்று அதற்குள் தெரிந்துவிடும். நம் ஊரில் பொழுது சாய ஏழு மணி தாண்டும். மேற்கு பார்த்த ஹாலில் நாலு மணிக்கு ஆரம்பிக்கிற கொதிப்பு விளக்கு வைக்கும்வரை அடங்காது. அந்த ஜன்னலுக்கு உள்துணி வைத்துத் தைத்த கனமான திரை வேண்டும். கிழக்கு ஜன்னலுக்கு மெல்லிய வலைத்துணியே போதும், காலை வெளிச்சத்தை வீணாக்காதீர்கள்.

தைக்கக் கொடுக்கும்போது துணியில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ஜன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு விழும். இல்லாவிட்டால் பெட்ஷீட் தொங்குகிற மாதிரிதான். கம்பியை ஜன்னல் சட்டத்தின் தலையிலேயே அடிக்காமல் ஆறு அங்குலம் மேலே, இரண்டு பக்கமும் அரையடி தள்ளி அடியுங்கள். ஜன்னல் பெரிதாகத் தெரியும், திரையை ஒதுக்கும்போது கண்ணாடியும் மறையாது. அடி ஓரம் தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்கட்டும், கூட்டுகிற தூசு ஏறாது. மடிப்பு மடிப்பாகத் துணி வந்தவுடன் ஹாலின் எதிரொலி குறைவது உங்கள் காதுக்கே கேட்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை பழைய சேலையில் அறைவாசலுக்குத் திரை தைப்பது. அம்மாவின் காட்டன் சேலையோ, வாயில் (voile) என்கிற மெல்லிய துணிச் சேலையோ இருந்தால் எடுத்து வாருங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் 2.3 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுவேன். இரண்டையும் ஒரே வாசலுக்குப் போட்டால் மடிப்பு தாராளமாக விழும். சேலைக் கரை மேலிருந்து கீழே ஓடும், அதனால் ஓரம் மடித்துத் தைக்கவும் வேண்டாம். மிச்சமுள்ள முந்தானையில் தலையணை உறை வரும். பட்டு வேண்டாம். வெயில் பட்டால் இழை இற்றுப்போகும், அது பீரோவிலேயே இருக்கட்டும்.

விளக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். புது வீட்டில் பெரும்பாலும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை விளக்குதான் மாட்டியிருக்கும். சமையல்கட்டுக்கு அது சரி. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 2700 அல்லது 3000 என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் மஞ்சள் சாயல் விளக்கை வாங்குங்கள். நடுக்கூரையில் ஒரே விளக்கு எரிவதைவிட, மூலையில் ஒரு சின்ன மேசை விளக்கு முகங்களை அழகாகக் காட்டும்.

தாத்தா பாட்டி படங்களைக் கூரைக்குப் பக்கத்தில் சாய்த்து மாட்டுவது நம் பழக்கம். கீழே இறக்குங்கள். படத்தின் நடு, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தால் பேரப்பிள்ளைகள் நின்று முகத்தைப் பார்ப்பார்கள், "இது யாரு?" என்று கேட்பார்கள். சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், வயர் அந்தக் கோட்டில்தான் இறங்கும். ரப்பர் பால்வெட்டு நின்றுபோன குடும்பங்களில் பால் பிடித்த பழைய மங்குகள் இன்னும் கிடக்கும். அலமாரியில் நாலைந்தை வைத்து, தண்ணீர் ஊற்றி மணிப்பிளான்ட் கொடி விடுங்கள். தண்ணீரை மட்டும் வாரம் ஒருமுறை மாற்றுங்கள், ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும். பழைய தூக்குச்சட்டியையும் அலமாரியில் வையுங்கள், துருப்பிடித்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

நாற்காலி மேசையை மொத்த செட்டாக எடுக்கவேண்டாம். பால் வற்றி 25, 30 வருடத்தில் வெட்டுகிற ரப்பர் மரத்தில்தான் இங்கே நிறைய தளவாடம் செய்கிறார்கள். நம் பெற்றோர் சீவிய மரம், வீட்டுக்குள் ஒரு மேசையாவது அதில் இருக்கட்டும் என்பது என் ஆசை. மழை படும் இடத்தில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

லயத்து வீட்டில் வாசல்தான் எல்லாம். பக்கத்து வீட்டு அத்தை அங்கேதான் உட்கார்ந்து கீரை ஆய்வார். இப்போது அந்த இடத்தைக் கார் எடுத்துக்கொண்டது. காரை ஒரு பக்கம் ஒட்டி நிறுத்தி, மறுபக்கம் இரண்டடி அகலத்துக்கு ஒரு பெஞ்சு போடுங்கள், சாரலுக்கு மூங்கில் தட்டி கட்டுங்கள். ஆள் உட்கார இடமிருந்தால் அக்கம்பக்கம் தானாக வரும்.

சாமி மேடைக்குப் பக்கத்தில் எந்தத் திரையும் வேண்டாம், மூன்றடியாவது தள்ளியிருக்கட்டும். பின்சுவரில் டைல்ஸ் ஒட்டினால் கரி துடைக்க வசதி. வெளியே துளசி, பாண்டான், செம்பருத்தி எதுவும் பூத்தொட்டியில் வரும். கறிவேப்பிலையைத் தரையில் நடுவதென்றால் சுவரிலிருந்து தள்ளி நடுங்கள், வேரிலிருந்து கன்று விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கன்றைப் பிடுங்கி அடுத்து குடிவருகிறவர்களுக்குக் கொடுக்கலாம்.