வேலியில பச்சோந்திக் குஞ்சு வந்துச்சுன்னா என்ன பண்றதுங்க

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு (ஆடு மாடு மேயற மேய்ச்சக் காடுங்க) கிளுவ முள்ளு வேலியில திடீர்னு வெரல் நீளத்துல பச்சோந்திக் குஞ்சுக ஊர்ந்துச்சுன்னா மொதல்ல பயப்படாதீங்க, அதுக்கு வெசம் கெடையாதுங்க. தாய் மண்ணத் தோண்டி முட்டைய வெச்சு மூடிட்டு போயிரும், திரும்பி வந்து பாக்காது, பொறிஞ்ச நாள்ல இருந்தே அதுக தனிக்கட்டை தான். அதனால தாயத் தேடி அலைய வேண்டாம்.

பாத்தவொடனே டப்பாவுல போட்டு வளக்கறதெல்லாம் வேண்டாமுங்க, 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம்.

கோழியோ பூனையோ சுத்துதுன்னா ஒரு குச்சிய குஞ்சுக்கு முன்னால நீட்டுங்க, அதுவா ஏறிக்கும், அப்படியே பக்கத்து புதருல எறக்கி விட்ருங்க. வாலையோ காலையோ புடிச்சு இழுக்கவே கூடாது, கெளைய அவ்ளோ இறுக்கமா புடிச்சிருக்கும், ஒடம்புல அடி பட்டுரும். கறுத்துப் போயி வாயப் பொளந்துச்சுன்னா நீங்க ரொம்ப பக்கத்துல போயிட்டீங்கன்னு அர்த்தம், தள்ளி நில்லுங்க.

தண்ணி வெக்கறேன்னு கிண்ணத்த வெச்சா அதுக்கு அது தண்ணின்னே தெரியாது, எலையில நிக்கற சொட்டத்தான் நக்கும், வெயில் காலத்துல காலைல ஸ்ப்ரேயர்ல (மருந்து அடிச்ச ஸ்ப்ரேயர் இல்லீங்க சாமி!) சன்னமா எலை மேல அடிச்சா போதும்.

தீனி நாம போட வேண்டியதில்ல, கொசு, சின்ன ஈ, தத்துப்பூச்சின்னு அதுவே நாக்க நீட்டி புடிச்சுக்கும், ஆனா அந்த வேலியில பூச்சி மருந்து அடிச்சா எல்லாம் போச்சு. அடிபட்டு கெடந்தா வனத்துறைக்கு போன் போடுங்க, அவிய வர்ற வரைக்கும் காத்தோட்டமான அட்டைப்பெட்டியில ஒரு கெளைய வெச்சு நெழல்ல விடுங்க.