டிவெட் கல்லூரிக்குப் போகும் ராண்டைப் பட்ஜெட்டில் தேடிப் பிடிப்பது எப்படி?

கருவூலத்தில் 31 வருடம் பில் பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. சாட்ஸ்வொர்த்தில் பக்கத்து வீட்டுப் பெண் அங்கே ஒரு டிவெட் கல்லூரியில், அதாவது தொழிற்கல்விக் கல்லூரியில், என்4 என்ற நிலையில் படிக்கிறாள். "அங்கிள், எங்களுக்காக அரசாங்கம் எவ்வளவுதான் செலவு பண்ணுது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று சாயங்காலம் போயிற்று. நீங்கள் தேடப் போனால் அவ்வளவு ஆகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தாள். தென்னாப்பிரிக்க நிதித்துறை ஒவ்வொரு வருடமும், வழக்கமாகப் பிப்ரவரியில், பட்ஜெட்டோடு தேசியச் செலவு மதிப்பீடுகள் என்ற தடித்த தொகுப்பையும் வெளியிடுகிறது. இணையத்தில் இலவசம். நம்முடைய மானியக் கோரிக்கைகளுக்கு எண் இருப்பதுபோல அங்கேயும் உண்டு, உயர்கல்விக்கு 17. நிதியாண்டும் நம்மைப் போலவே ஏப்ரல் முதல் மார்ச் வரைதான். ஆனால் கல்லூரி நடப்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒரு நிதியாண்டுப் பணம் இரண்டு கல்வியாண்டுகளில் கால் வைத்து நிற்கிறது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் இடப்பக்கம் மூன்று வருடத் தணிக்கையான கணக்கு, நடுவில் நடப்பு வருடத்தின் திருத்திய ஒதுக்கீடு, வலப்பக்கம் வரப்போகும் மூன்று வருட மதிப்பீடு. 'செலவு செய்தார்கள்' என்று எழுத வேண்டுமானால் இடப்பக்கத்தை விட்டு நகராதீர்கள். வலப்பக்கத்தில் இருப்பது எண்ணம்தான், செலவு இல்லை.

இனி நான்கு பைகள். பணம் ஒரே இடத்தில் இல்லை, அதுதான் தொல்லை.

முதல் பை, ஆசிரியர் சம்பளம். நாட்டில் 50 அரசு டிவெட் கல்லூரிகள் இருக்கின்றன. 2002-ல் 152 தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒன்றாகச் சேர்த்து உருவாக்கியவை. 2015 ஏப்ரலில் இவை மாகாணங்களிடமிருந்து மத்திய அரசின் கைக்கு வந்தன. அதனால் சம்பளம் இன்று உயர்கல்வித் துறையின் செலவைப் பிரித்துக் காட்டும் திட்டங்களில் நான்காவதில், ஊழியர் ஊதியம் என்ற தலைப்பில் இருக்கிறது. 2015-க்கு முந்தைய வருடங்களோடு ஒப்பிடுகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுவார்கள்.

இரண்டாவது, கல்லூரிக்கு நேரே போகும் மானியம். அதே திட்டத்தில், கீழே. விதிப்படி ஒரு படிப்பின் செலவில் 80 சதவீதம் அரசு, 20 சதவீதம் கட்டணம். மானியத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் சம்பளத்தை மறந்தவர்கள்.

மூன்றாவது, மாணவர் உதவித்தொகை. இதை வழங்கும் அமைப்பை அங்கே எல்லோரும் என்ஸ்ஃபாஸ் என்றுதான் சொல்கிறார்கள். டிவெட் பக்கத்தில் தேடித் தேடிக் கண் பூத்ததுதான் மிச்சம். அந்த அமைப்புக்குப் போகும் பெருந்தொகை பல்கலைக்கழகக் கல்வி என்ற மூன்றாவது திட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. டிவெட் பிள்ளைகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்த அமைப்பின் ஆண்டறிக்கையைத் திறக்க வேண்டும். 2018 முதல் குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் முழு உதவி என்று ஆனபிறகு இந்தப் பை வேகமாகப் பெருத்தது.

நான்காவது பையில்தான் நான் ஏமாந்தேன். வருடச் சம்பளப் பட்டியல் 5,00,000 ராண்டைத் தாண்டும் முதலாளிகள் அதில் 1 சதவீதத்தைத் திறன் வரியாகக் கட்ட வேண்டும். வசூலில் 20 சதவீதம் தேசியத் திறன் நிதிக்கு, 80 சதவீதம் சீட்டா எனப்படும் 21 துறைவாரிப் பயிற்சி அமைப்புகளுக்கு. இது நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஓட்டுப்போட்டு ஒதுக்குவது அல்ல. ஓட்டில்லாமல் நேரே போகும் செலவை நம் அலுவலகத்தில் 'சார்ஜ்டு' என்போமே, அந்த ரகம். துறையின் மொத்தத்தில் அது ஏற்கெனவே சேர்ந்திருந்ததைக் கவனிக்காமல் முதல் நாள் இரவு இரண்டு முறை கூட்டிவிட்டேன். 31 வருட அனுபவம்! சரி, அது போகட்டும். முக்கியமான விஷயம், இந்த வரி முழுவதும் கல்லூரிக்குப் போவதில்லை. பயிற்சித் திட்டம் சமர்ப்பித்த முதலாளிக்கே ஒரு பங்கு திரும்புகிறது. ஆகவே இதைத் தனியாக எழுதுங்கள், மற்ற மூன்றோடு கலக்காதீர்கள். 2020 மே முதல் நான்கு மாதம் கொரோனாவுக்காக இந்த வரிக்கு விடுமுறை தந்தார்கள். அந்த வருடப் பள்ளத்தைப் பார்த்து "நிதியை வெட்டிவிட்டார்கள்" என்று எழுதிவிட வேண்டாம்.

அப்புறம், இந்தச் செலவைப் பற்றிப் பேசும்போது வரும் 'பள்ளிக்குப் பிந்தைய கல்வி' என்ற சொல். டிவெட் கல்லூரிக்குள் நடப்பதெல்லாம் அதில் சேராது. 2007-ல் வந்த என்.சி.வி. என்ற தொழிற்சான்றிதழ் படிப்பின் 2 முதல் 4 வரையான நிலைகள் பள்ளியின் 10 முதல் 12 வகுப்புகளுக்குச் சமம். என்1 முதல் என்3 வரையும் பள்ளி மட்டம்தான். என்4 முதல் என்6 வரைதான் உண்மையில் மேலே. பட்ஜெட் இதைப் பிரித்துக் காட்டாது. மாணவர் எண்ணிக்கையை வைத்து நாமே பங்கு போட வேண்டும். போட்டதைச் சொல்லியும் விட வேண்டும்.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல். என்1, என்2 என்று போகும் வரிசையில் பொறியியல் படிப்புகள் மூன்று மாதப் பருவம், வணிகப் படிப்புகள் ஆறு மாதம். ஒரே வருடத்தில் ஒருவர் இரண்டு மூன்று முறை பதிவாகலாம். தலையை எண்ணி வகுத்தால் ஒரு மாணவருக்கான செலவு பரிதாபமாகக் குறைந்து தெரியும். முழுநேர மாணவருக்குச் சமமாக மாற்றிய எண்ணைத் தேடி, அதால் வகுங்கள்.

பத்து வருடத்தை ஒப்பிடுவதென்றால் விலைவாசிக் குறியீட்டால் சரிசெய்யாமல் தொடவே தொடாதீர்கள். 2030-க்குள் டிவெட் கல்லூரிகளில் 25 லட்சம் பேர் என்று அரசின் வெள்ளை அறிக்கை இலக்கு வைத்தது. 2015-ல் இருந்தது சுமார் 7 லட்சம். அந்த இலக்குக்குப் பக்கத்தில் பணவீக்கம் கழித்த தொகையை வைத்துப் பார்த்தபோது என் பேனா கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் நோட்டைக் காட்டினேன். நான்கு பைகளையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "என் பஸ் காசு இதில் எது?" என்றாள். மூன்றாவது பையைத் தொட்டுக் காட்டினேன். "நான் பல்கலைக்கழகத்துக்கே போகலையே, அங்கிள்" என்றாள்.