என் அனுபவம்: மொறிஸ் மைனரின் பெற்றோல் பம்ப்

என்னிடம் இருப்பது 1098 சிசி மொறிஸ் மைனர். யாழ்ப்பாணத்தில் இந்தக் காரை அறியாதவர் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இருமி நின்றுவிடும். சற்று நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். எல்லோரும் காபரேட்டரைத்தான் சொன்னார்கள். எங்கள் பழைய கார்ச் சங்கத்து அண்ணை ஒருவர் மட்டும், "தம்பி, முதல்ல திறப்பைப் போட்டுட்டுச் சத்தத்தைக் கேளும்" என்றார்.

மைனரில் இருப்பது எஸ்யூ (SU) என்ற கம்பனியின் மின்பம்ப்; டாங்கிலிருந்து காபரேட்டருக்குப் பெற்றோல் அனுப்புவது அதுதான். திறப்பைப் போட்டதும் டிக் டிக்கென்று வேகமாக அடித்து, காபரேட்டர் நிறைந்ததும் ஓய வேண்டும். ஓயாமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டாங்க் காலி. என் பம்பில் சத்தமே இல்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்டினேன், அடிக்கத் தொடங்கியது. சரி, பம்புக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட்தான்.

பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, பம்பின் கறுப்பு மூடியைத் திறந்தேன். பாயிண்டுகள் கருகி, மேலே சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தன. மெல்லிய எமரித்தாளால் தேய்த்தேன். அப்புறம் வெள்ளைத்தாள் துண்டொன்றை இடையில் விட்டு இழுத்துத் தூசி எடுத்தேன். எர்த் வயரின் முனையையும் சுரண்டி இறுக்கினேன். அதற்குப் பிறகு கார் வழியில் நின்றதில்லை.

பாயிண்ட் பிரியும்போது எழும் பொறிதான் அதைக் கருக்குகிறது. மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோட் போட்டால் குறையும். ஆனால் டயோடைத் திசை பார்த்துத்தான் போட வேண்டும்; மைனர் பாசிட்டிவ் எர்த்தாக, அதாவது பற்றரியின் பாசிட்டிவ் முனை பொடியோடு இணைக்கப்பட்டு வந்த கார். பிறகு யாராவது அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டே போடுங்கள்.