எப்போது இருப்பேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள்

2020 மார்ச்சில், ஊரடங்குக்குச் சில நாள் முன்பு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மன்னார்குடிக்கு வந்தேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. டீம் சென்னையில், வாடிக்கையாளர் லண்டனில், நான் புகுந்த வீட்டு மாடியறையில். வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வருடம் அலுவலக சாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில், ஆள் இருக்கிறாள் என்று காட்டும் பச்சைப் புள்ளி அணையவே கூடாது என்று இருந்தேன். சாப்பாட்டுத் தட்டோடு பதில் போடுவேன். யாரும் அப்படிக் கேட்கவில்லை. கீழே அத்தையோ, ஆள் வீட்டில்தானே இருக்கிறாள் என்று, "ஏம்மா, கொஞ்சம் இந்தக் கீரையை ஆய்ஞ்சு தாயேன்" என்பார். அவர் மேலும் தப்பில்லை. நான் எப்போது கிடைப்பேன் என்று இரண்டு பக்கமும் தெரியாமல் இருந்ததுதான் சிக்கல்.

அதனால் முதல் வேலையாக, இரவு படுக்கும் முன் மறுநாளை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அதையே அலுவலகக் காலண்டரிலும் போடுங்கள். எனக்குக் காலை 9 முதல் 12 வரை யாரும் கூப்பிடாத நேரம். லண்டனில் அப்போது விடிந்தும் விடியாத பொழுது, மெயில் வராது. மூளையைக் கசக்கும் வேலையெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவேன். கூட்டம், மெயில், அறிக்கை எல்லாம் மதியத்துக்குத் தள்ளலாம்.

வெளிநாட்டோடு வேலை என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நம் கடிகாரம் நகராது. அவர்களுடைய 9.30 மணிக் கூட்டம் கோடையில் நமக்கு 2 மணி, குளிர்காலத்தில் 3 மணி. மகள் பள்ளி விட்டு வருவது 4 மணிக்கு. கூட்டம் கொஞ்சம் நீண்டால் குழந்தை வாசலில் நிற்கும். அந்த இரண்டு ஞாயிறையும் தினசரிக் காலண்டரில் வட்டமிட்டு, வீட்டிலும் முந்தின வாரமே சொல்லிவிடுவேன். கூகுள் காலண்டர் அமைப்புகளில் இரண்டாவது நேர மண்டலம் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு ஊர் மணியும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.

பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரன்ட் நிறுத்தும் நாள் வரும். முதல் நாள் பேப்பரிலேயே போட்டுவிடுவார்கள், பாருங்கள். ரவுட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கே மதியத்துக்குள் இறங்கிவிடும். "நாளை கூட்டத்தில் போனிலிருந்து பேசுவேன், வீடியோ இருக்காது" என்று டீமுக்கு மாலையே ஒரு வரி அனுப்புங்கள்.

இனி, மனிதர்களோடு தொடர்பு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஒருமுறை எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண், டெஸ்ட் சர்வருக்குள் நுழைய முடியாமல் இரண்டு நாள் தனியாகத் திணறியிருக்கிறாள். கேட்கக் கூச்சம். ஆபீஸாக இருந்திருந்தால் டீ குடிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பேன். எனக்கு அது மனதை உறுத்தியது. அன்றிலிருந்து மாலை 5 மணிக்கு டீ டம்ளரோடு மொட்டைமாடிக்குப் போய், தினம் ஒருவருக்கு போன் போடுகிறேன். வெறும் போன்தான், வீடியோ வேண்டாம். முகத்தைச் சரிசெய்கிற கவலை இல்லாமல் பேசுவார்கள். முதலில் வேலையைக் கேட்காதீர்கள். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, ஊரில் மழையா என்று தொடங்குங்கள். எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது பத்து நிமிடத்தில் தானாக வந்துவிடும்.

மாலை 7.30க்கு, என்ன முடிந்தது, என்ன நிற்கிறது என்று குழுவில் இரண்டு வரி போட்டுவிட்டு லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மேசையில் இருந்தால் கை போகும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மன்னை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் சென்னையில் இறங்குவேன். அன்று ஆபீஸில் பெரிய வேலை எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன். எல்லாரோடும் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடத்தான் போகிறேன். அந்தப் புதுப் பெண்ணுக்கு அத்தை கொடுத்தனுப்பும் வடகம் ஒரு டப்பா நிறைய இருக்கும்.