வீட்டிலேயே கல்யாணமா? முதலில் தலையை எண்ணுங்கள்

கையில் பணம் குறைவு, வீட்டோடு கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று இறங்குபவர்கள் பலரும் முதலில் அலங்காரத்தில்தான் கத்தரிக்கோல் வைக்கிறார்கள். அங்கே என்ன பெரிதாக மிச்சமாகிவிடும்? செலவைத் தீர்மானிப்பது ஆள் கணக்கு. 100 பேரை 60 ஆக்கினால் சாப்பாடு, தட்டு, நாற்காலி என்று தலைக்கு இவ்வளவு என வரும் செலவெல்லாம் ஒரே அடியில் 40 சதவீதம் இறங்கிவிடும். மனஸ்தாபம் வரும்தான், ஆனால் கடனைவிட அது சீக்கிரம் ஆறும். அழைப்பிதழை ஆளுக்கு ஒன்று என்று அச்சடிக்காமல் வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் போடுங்கள், பாதிகூடத் தேவைப்படாது.

சமையலை நாமே செய்வதானால் சாப்பாடு கெடாமல் பார்த்துக்கொள்வதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கெட ஆரம்பிக்கும், அதனால் விடியற்காலையிலேயே எல்லாவற்றையும் இறக்கி வைக்காமல் இரண்டு தவணையாகச் சமையுங்கள், அடுப்பங்கரைப் பொறுப்பைப் பெண்ணின் அம்மா தலையில் கட்டாதீர்கள் (அவர் மணவிழாவைப் பார்க்க வேண்டாமா!).

இரவல் வாங்கும் பாத்திரம், நாற்காலியில் வீட்டுக்கு ஒரு நிறத்தில் நூல் கட்டிவிட்டால் திருப்பித் தரும்போது தகராறு இல்லை. புகைப்படக்காரரை முழுநாளும் வைத்துக்கொள்ளாமல் முக்கியமான 2 மணி நேரத்துக்கு மட்டும் பேசலாம். அப்புறம், மொத்தத் தொகையில் 10 சதவீதத்தை யாரிடமும் சொல்லாமல் ஒதுக்கி வையுங்கள். சொன்னால் அதற்கும் செலவு வந்துவிடும்.