முதல் காய்கறித் தோட்டம்: தொட்டியின் அடியிலிருந்து தொடங்கும் செய்முறை

நான் முதன்முறையாக நட்ட பன்னிரண்டு தக்காளி நாற்றுகளில் ஒன்பது, மூன்று வாரங்களுக்குள் வாடி விழுந்தன. இலைகள் தொங்குவதைக் கண்டு தண்ணீர் போதவில்லை என்று எண்ணி, காலையிலும் மாலையிலும் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற வாட்டம் கூடியது. இறந்த செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, வெண்மையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறிக் கொழகொழத்திருந்தது; அடிமண்ணிலிருந்து தேங்கிய குட்டையின் நாற்றம் எழுந்தது. செடிகள் தாகத்தால் வாடவில்லை, மூச்சுத் திணறி வாடின என்பது அப்போதுதான் புரிந்தது. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மண்ணின் நுண்துளைகள் அனைத்தையும் தண்ணீரே அடைத்துக்கொண்டால் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரமண்ணில் நிற்கும் செடியும் வறண்ட மண்ணில் நிற்கும் செடியைப் போலவே தலை தொங்கும். கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியையே சுற்றி அமைந்திருக்கின்றன.

இடமும் பயிரும்

இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் ஒதுக்குங்கள். காலை, நண்பகல், பிற்பகல் என்று மூன்று வேளையும் சென்று, நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை போன்ற காய்ப்பயிர்களுக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கீரைகள் 4 மணி நேர வெயிலிலும் ஓரளவு நன்றாகவே வளரும். வெயில் குறைந்த இடத்தில் தக்காளி நட்டால் செடி உயரும், இலை விடும், காய் மட்டும் வராது. அந்தக் குறையை எந்த உரத்தாலும் ஈடுசெய்ய இயலாது.

முதல் பருவத்தில் ஐந்து பயிர்களுக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவற்றுள் ஒன்று முளைக்கீரையாக இருக்கட்டும். விதைத்த 25 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும் என்பதால், மற்றவை காய்க்கும் வரை காத்திருக்கும் பொறுமையை அது தரும். வெண்டையும் கத்தரியும் புதியவர்களின் சிறு பிழைகளைத் தாங்கிக்கொள்ளும். கேரட், காலிஃபிளவர் ஆகியவை வெப்பநிலையைப் பற்றிக் கண்டிப்பானவை. அவற்றை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவையுங்கள்.

தொட்டி

கீரைக்கு 15 செ.மீ. ஆழம் போதும், அகலமே முக்கியம். மிளகாய்க்கு 10 முதல் 12 லிட்டர், கத்தரிக்கும் தக்காளிக்கும் 20 லிட்டர் கொள்ளளவு வேண்டும். வெண்டையின் ஆணிவேர் நேராகக் கீழிறங்கும். அதற்கு 30 செ.மீ. ஆழத்தில் குறைவு வைக்காதீர்கள். நான் துணியால் ஆன குரோ பேக்குகளையே விரும்புகிறேன். அவற்றின் பக்கங்கள் வழியாகவும் காற்று செல்வதால், பையின் ஓரத்தைத் தொடும் வேர்நுனி அங்கேயே நின்று, உட்புறம் புதிய கிளைவேர்களை விடுகிறது. பிளாஸ்டிக் தொட்டியில் அதே வேர் சுவரைச் சுற்றிச் சுற்றி வளரும். துணிப்பை விரைவாக உலர்ந்துவிடும் என்பது உண்மையே; ஆனால் உலர்ந்த மண்ணை நனைப்பது எளிது, நனைந்து அழுகிய வேரை மீட்பது அரிது.

வாளி அல்லது பழைய டப்பாவைப் பயன்படுத்துபவர்கள் அடியில் ஒரு விரல் பருமனுள்ள ஐந்து துளைகளாவது இட வேண்டும். சமதளமான தரையில் நேரடியாக வைத்தால் தரையே துளைகளை அடைத்துவிடும். ஆகவே இரண்டு செங்கற்களின் மேல் தூக்கி வையுங்கள்.

அடியில் கல் போடாதீர்கள்

நான் இடறி விழுந்த படி இதுதான். தொட்டியின் அடியில் ஒரு அடுக்கு சரளைக்கல்லோ ஓட்டுத் துண்டோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் சொல்லக் கேட்டிருந்தேன். ஒன்பது நாற்றுகளை இழந்த தொட்டிகள் அனைத்திலும் நான்கு விரல் உயரத்துக்குக் கல் பரப்பியிருந்தேன்.

நடப்பது என்னவென்றால், நுண்ணிய துளைகளுள்ள மண் தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்திருக்கும். கீழே கற்களுக்கிடையே உள்ள பெரிய இடைவெளிகளுக்குள் அந்த நீர் எளிதில் இறங்காது. மேலிருக்கும் மண் முழுவதும் நிறைந்து, இனி தாங்காது என்ற நிலை வந்த பின்னரே சொட்டத் தொடங்கும். எந்தத் தொட்டியிலும் அடிப்பகுதியில் ஒரு நீர் நிறைந்த அடுக்கு தங்கியே தீரும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண்கலவையின் தன்மையே. கற்களைப் பரப்பினால் அந்த அடுக்கு மறைவதில்லை, கற்களுக்கு மேலே ஏறி வேருக்கு அருகில் வந்து அமர்ந்துகொள்கிறது. 30 செ.மீ. தொட்டியில் 7 செ.மீ. கல் போட்டால், செடிக்கு 23 செ.மீ. தொட்டியையே கொடுத்தவர்களாகிறோம்.

இதை ஐந்து நிமிடத்தில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் செவ்வகப் பஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து, கிடைமட்டமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள்; மீண்டும் தண்ணீர் ஒழுகும். அதுவும் நின்ற பின் தொட்டுப் பார்த்தால் மேல்முனை ஓரளவு உலர்ந்தும் கீழ்முனை சொதசொதவென்றும் இருக்கும். தண்ணீர் தானாக வடிவதற்கு மண்ணின் உயரமே துணை செய்கிறது என்பதையும், எத்தனை நேரம் காத்திருந்தாலும் அடியில் ஒரு பகுதி நனைந்தே இருக்கும் என்பதையும் அந்தப் பஞ்சு காட்டிவிடும். துளை வழியாக மண் வெளியேறும் என்ற கவலை இருந்தால், கொசுவலைத் துண்டு ஒன்றை மேலே விரித்தால் போதும். அடுத்த முறை கற்களை நீக்கிவிட்டுக் கலவையை மாற்றி நட்டபோது ஒரு நாற்றுகூட அழுகவில்லை.

தரையில் நடுபவர்கள் 30 செ.மீ. ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு 2 முதல் 5 செ.மீ. இறங்கினால் நல்ல நிலம். பல மணி நேரம் அப்படியே நின்றால், மண்ணைத் தோண்டுவதை விட்டுவிட்டு அதன் மேலேயே 20 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமையுங்கள்.

மண்கலவை

தோட்டத்து மண், நன்கு மட்கிய உரம், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஆகிய மூன்றும் சம அளவு என்பதே நான் நிலைத்து நிற்கும் கணக்கு. உங்கள் மண் களிமண்ணாக இருந்தால் மண்ணின் பங்கில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் பருமணல் சேருங்கள். ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து, லேசாக நீர் தெளித்து, நிழலில் பத்து நாட்கள் விட்டுவிடுங்கள். மட்கிய உரம் மழை பெய்த மண்ணின் வாசனையோடு, தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கைக்குச் சூடாகத் தெரிந்தாலோ நெடி வீசினாலோ அது இன்னும் மட்கி முடியவில்லை. அதை இடுவது இளவேர்களைக் கருக்கிவிடும்.

கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டதும் உதிர வேண்டும். தொட்டும் உதிராவிட்டால் இன்னும் கோகோபீட்டோ மணலோ சேர்க்க வேண்டும் என்று பொருள். தொட்டியை நிரப்பும்போது அழுத்தாதீர்கள். விளிம்பில் மூன்று விரல் இடம் விடுங்கள்.

பின்னர் சேர்த்த குறிப்பு: கலவை சரியாக இருந்தும் நாற்றின் இலை ஓரங்கள் கருகுகின்றன என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தனர். விசாரித்ததில், கோகோபீட் கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்திருந்தார்கள். தேங்காய் நாரில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் தங்கியிருக்கும். கழுவப்பட்டது என்று உறையில் குறிக்கப்படாத கட்டியை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். நான் வாங்கியது கழுவப்பட்ட வகை என்பதால் இந்தச் சிக்கலை முதலில் எழுதாமல் விட்டிருந்தேன்.

விதைப்பு

வெண்டை, கீரை, அவரை, பூசணி, சுரை போன்ற கொடிவகைகள், முள்ளங்கி ஆகியவற்றை நேரடியாகத் தொட்டியிலேயே விதையுங்கள்; இவற்றில் பலவற்றுக்கு வேரை அசைப்பது பிடிக்காது. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடுங்கள். விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமே விதைப்பு ஆழம். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண்போர்வை போட்டால் போதும். தக்காளி ஒரு வாரத்தில் முளைக்கும். மிளகாய் இரண்டு வாரம்கூட எடுக்கும், ஆகவே முளைக்கவில்லை என்று கிளறிப் பார்க்காதீர்கள்.

முளைத்த நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். அளவுக்கு மீறிய ஈரமும் காற்றோட்டமின்மையும் அந்தப் பூஞ்சைகளுக்குச் சாதகமானவை. நாற்றுத் தட்டைத் தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் பத்து நிமிடம் வைத்து, அடியிலிருந்து நீரை உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள். மேல்மண் உலர்ந்திருப்பதே நாற்றுக்குப் பாதுகாப்பு.

நடவு

முளைத்ததும் முதலில் விரியும் வித்திலைகளுக்குப் பிறகு நான்கு முதல் ஆறு உண்மை இலைகள் வந்ததும் நாற்று நடவுக்குத் தயார். நடுவதற்கு முன் ஒரு வாரம், நாளுக்குச் சிறிது நேரம் கூட்டிக்கொண்டே வெயிலில் வைத்துப் பழக்குங்கள். மாலையில் நடுங்கள். தக்காளியின் தண்டிலிருந்து புதிய வேர்கள் கிளம்பும் என்பதால் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதி வரை புதைக்கலாம்; கத்தரியையும் மிளகாயையும் நாற்றுத் தட்டில் இருந்த அதே மட்டத்தில் நடுங்கள். தக்காளிக்கு ஊன்றுகோலை நடும் அன்றே நட்டுவிடுங்கள், பின்னர் குத்தினால் வேர் அறுபடும்.

தண்ணீர்

நாளுக்கு ஒரு முறை, இரண்டு முறை என்ற கணக்கை மறந்துவிடுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையில் நீர் வெளியேறும் வரை நிதானமாக ஊற்றுங்கள். மேலாகச் சிறிது தெளித்துவிட்டுப் போவது வேரை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும். கடும் வெயில் நாளில் துணிப்பைக்கு இரண்டு முறை தேவைப்படலாம். மேகமூட்டமான நாட்களில் மூன்று நாட்களுக்கு ஒரு முறையும் போதுமானதாக இருக்கலாம். நண்பகலில் இலைகள் தொங்கி மாலையில் தாமாக நிமிர்ந்தால் அது வெப்பத்தால் வந்த வாட்டம். காலையிலும் தொங்கியிருந்தால்தான் மண்ணைச் சோதிக்க வேண்டும்.

இந்தத் தோட்டத்துக்கு நான் ஒரே ஒரு கருவியை வற்புறுத்திச் சொல்வேன் என்றால் அது நுண்துளை முகப்புள்ள பூவாளிதான். குழாயின் வேகம் மண்ணைத் தோண்டி இளவேரை வெளிக்காட்டிவிடும். அதோடு, எவ்வளவு ஊற்றினோம் என்ற அளவும் தெரியாது.

செடிகள் ஒரு சாண் உயர்ந்ததும், தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி, காய்ந்த இலைகளால் மூடாக்கு இடுங்கள். ஈரம் ஒரே சீராக இருக்கும். தக்காளிப் பழத்தின் அடிப்பகுதி கறுத்துக் குழிவது இந்தச் சீர் குலைவதால்தான் பெரும்பாலும் வருகிறது. அது கால்சியம் பழத்தைச் சென்றடையாததன் விளைவு என்பது சரி, ஆனால் கால்சியத்தை ஏற்றிச் செல்வது நீரோட்டமே. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறவர்கள் அதற்கு முன் தண்ணீரை ஒழுங்குபடுத்த வேண்டும். ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்காகும்.

உரமும் பூச்சியும்

நட்ட நான்காவது வாரத்திலிருந்து பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். தழைச்சத்து மிகுந்தால் கரும்பச்சையாகக் கொழுத்து வளரும் செடி பூக்க மறந்துவிடும். வாரம் இரு முறை இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியும் வெள்ளை ஈயும் அங்கேதான் தங்கும். எறும்புகள் தண்டில் ஏறி இறங்கினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று கொள்ளலாம், ஏனெனில் அவை சுரக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு அவற்றைக் காக்கிறது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். குறையாவிட்டால் 1 லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும், அது நீரோடு கலப்பதற்காகச் சில துளி சோப்புக் கரைசலும் சேர்த்து, மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

பின்னர் சேர்த்த மேலும் இரண்டு குறிப்புகள்

மொட்டைமாடியில் தோட்டம் வைப்பவர்கள் பாரத்தைக் கணக்கிட வேண்டும். நனைந்த 20 லிட்டர் தொட்டி ஒன்று 20 கிலோவுக்கு மேல் எடையிருக்கும். தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர்களையும் உத்தரங்களையும் ஒட்டிப் பரவலாக வையுங்கள். கட்டடம் பழையது என்றால் பொறியாளர் ஒருவரைக் கேட்ட பின் தொடங்குங்கள்.

கொடிவகையில் பூக்கள் ஏராளமாக வந்தும் பிஞ்சு பழுத்து உதிர்கிறது என்பதே எனக்கு மிகுதியாக வந்த கேள்வி. இவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் கீழே சிறு பிஞ்சு இருக்கும், ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். தொடக்கத்தில் ஆண் பூக்களே வருவது இயல்பு. பெண் பூ வந்தும் பிஞ்சு உதிர்ந்தால், மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் வரவில்லை என்று பொருள். நீங்களே ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பூசணியும் பாகலும் காலையில் மலர்பவை, ஆகவே வெயில் ஏறுவதற்குள் செய்துவிட வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலரும். காலையில் தேடிச் சென்றால் வாடிய பூவே கிடைக்கும். மகரந்தம் சேர்ந்த பிஞ்சு சில நாட்களில் பருத்துக் கீழ்நோக்கித் தொங்கத் தொடங்கும்.