பிள்ளைகளுக்கு அலிஃப் பே, அதாவது அரபு எழுத்து, சொல்லிக்குடுக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

கோரிப்பாளையத்துல எங்க தெருப் பக்கம் புதுசா ரெண்டு பொண்ணுங்க வீட்டுலயே மக்தப் (பிள்ளைங்களுக்கு குர்ஆன் ஓத சொல்லித்தர்ற சின்னப் பள்ளி) ஆரம்பிச்சிருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆனா போய்ப் பாத்தா, நாங்கல்லாம் அந்தக் காலத்துல பண்ணின அதே கூத்து. வலமிருந்து இடமா எழுதணும்ங்கிற கதையெல்லாம் இங்க சொல்லப்போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும்.

எழுத்துக்கு அடியில தமிழ்ல எழுதித் தர்றது

இதுதான் இன்னிக்கும் எனக்கு எரிச்சல். பிள்ளை சீக்கிரம் படிக்கட்டும்னு காயிதா (அரபு எழுத்துப் பழகுற முதல் புஸ்தகம்) முழுக்க பென்சில்ல தமிழ எழுதிருவாங்க. பிள்ளையும் சீக்கிரம் படிக்கும், ஆனா தமிழைத்தான் படிக்கும். ஒரு அம்மா மகனை எங்கிட்ட கூட்டிட்டு வந்து, "நல்லா ஓதுறான் ஆலிமா, குர்ஆன் ஆரம்பிச்சிருங்க"ன்னாங்க (ஆலிமான்னா மார்க்கம் படிச்ச பொம்பளை, என்னைத்தான்). கடகடன்னுதான் ஓதினான். தமிழ் வரிய ஸ்கேல் வச்சு மறைச்சேன், பய கப்சிப். அலிஃப் மட்டும் சொன்னான், அதுவும் அது நட்டுக்குத்தலா நிக்கிறதால.

கண்ணு மட்டுமா கெடுது? ஸே, ஸீன், ஸாத் மூணுக்கும் நம்மகிட்ட இருக்கிறது ஒரே 'ஸ'. ஸேக்கு நாக்கு நுனி மேல்பல்லைத் தொட்டு வெளிய எட்டிப் பாக்கணும், ஸாதுக்கு நாக்கோட பின்பக்கம் மேல ஏறி சத்தம் கனமா வரணும், தமிழ்ல எழுதிட்டா மூணும் ஒண்ணாயிரும். ஐனுக்கு நம்ம எழுத்தே கிடையாது, 'அ'ன்னு போட்டுட்டு நகர்ந்துர்றாங்க. இப்படிப் பழகின நாக்கைத் திருத்துறது புதுசா சொல்லிக்குடுக்கிறதை விடப் பெரிய வேலை, பிள்ளை வேற "மறுபடி அலிஃபா"ன்னு அழும், அம்மாவுக்கு நம்ம மேல கோவம்.

கீழக்கரை, காயல்பட்டினத்துப் பெரியவங்க அரபு எழுத்துல தமிழ் எழுதினப்போ ட, ழவுக்கெல்லாம் கூடுதல் புள்ளி போட்டு தனி எழுத்தே உண்டாக்கினாங்க, இருக்கிறதை வச்சு ஒப்பேத்தல. நமக்கு அவ்வளவு கூட வேலை இல்ல, அந்த ரப்பரை எடுத்து அழிச்சுட்டு, நம்ம வாயைப் பாத்து சொல்ல வச்சாப் போதும்.

28 எழுத்தையும் ராகம் போட்டு வரிசையா மட்டும் ஓதவைக்கிறது

நடுவுல ஒண்ணைத் தொட்டுக் கேட்டா அலிஃப்ல இருந்து பாடிக்கிட்டு வரும். பே, தே, ஸே மூணும் ஒரே கிண்ணம், புள்ளிதான் வேற. வார்த்தைக்கு நடுவுல சேந்து வந்தா நூனும் யேயும் கூட அதே மாதிரி ஒரு சின்னப் பல்லுதான். அதனால சேத்து எழுதுறதை முதல் மாசத்துலயே காட்டிருங்க.

பிரம்பு

வேண்டாம்.

ஒட்டகமும் பேரீச்சம்பழமும்

அரபு நாடுன்னா இதை மட்டும் வரையச் சொல்லாதீங்க. லெபனான் மலையில பனி பெய்யும், அங்க அரபியிலயே ஜெபம் பண்ற கிறிஸ்தவங்களும் இருக்காங்க. சொல்லுங்க, பிள்ளைங்க வாயப் பொளந்து கேக்கும்.

நம்பர்

எழுத்து வலமிருந்து போனாலும் 25ல 2 இடப்பக்கம்தான் நிக்கும். அரபு நம்பர்ல அஞ்சு நம்ம சைபர் மாதிரி வட்டம், சைபர் வெறும் புள்ளி. இதைச் சொல்லித்தராம விட்டா, அத்தா சவூதியில இருந்து கொண்டாந்த அம்பது ரியால் நோட்டைப் பாத்து பிள்ளை செல்லாதுன்னு தூக்கிப் போட்டுரும்.